தனி ஆவர்த்தனம் தனியா நடக்கறதில்லை

"நிஜமாவே சரக்கு இருக்கறவன் தனியா மேடை ஏறுவான். இல்லாதவன் கும்பல்ல ஒளிஞ்சுக்குவான்."

இந்த வாக்கியத்தை இந்த ஒரு மாசத்துல நாலு பேர் வாயால கேட்டாச்சு. ஒருத்தர் எங்க கல்ச்சுரல் கமிட்டிக்காரர். இன்னொருத்தர் ரீல்ஸ்ல ஓரளவு பிரபலமான எங்க க்ளாஸ்மேட். மிச்ச ரெண்டு பேருக்கும் இசைக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது, ஆனா கருத்து மட்டும் கைவசம் இருக்கு. நாலு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நியாயப்படுத்தறாங்க. இந்த வருஷ கல்ச்சுரல்ஸ்ல பேண்ட் போட்டி கிடையாது. அதுக்குப் பதிலா சோலோ சிங்கிங் ரெண்டு சுற்று, கரோக்கே ட்ராக்கோட.

கமிட்டி சொல்ற காரணங்களை நேர்மையா முதல்ல சொல்லிடறேன். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற இருபது நிமிஷம் ஆகுது. சவுண்ட்காரர் கூடுதல் காசு கேக்கறார். ஆறு பேர் இருக்கற குழுவுல கடைசி நேரத்துல ஒருத்தன் முறுக்கிட்டுப் போயிடறான். சோலோன்னா பென் டிரைவ்ல ட்ராக் குடுத்தா போதும், மூணு நிமிஷத்துல ஆள் இறங்கிடுவாங்க. கேக்க வர்றவங்களுக்கும் பாட்டுதானே வேணும், பின்னாடி நாலு பேர் எதுக்கு?

இதெல்லாம் வசதி பத்தின பேச்சு. வசதிக்கு வசதியாவே பதில் சொல்லலாம், கடைசியில சொல்றேன். ஆனா அந்த முதல் வாக்கியம் இருக்கே, 'ஒளிஞ்சுக்குவான்'ங்கறது, அது வசதி பத்தினது இல்லை. இசைன்னா என்னங்கறதைப் பத்தினது. அதுதான் சுத்தத் தப்பு. இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

'தனி'ங்கற வார்த்தையிலயே ஆரம்பிப்போம். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போனவங்களுக்குத் தெரியும், முக்கியமான உருப்படி முடியற இடத்துல 'தனி ஆவர்த்தனம்'னு ஒண்ணு வரும். பாட்டு நிக்கும். மிருதங்கக்காரர் வாசிக்க ஆரம்பிப்பார். பேர் என்னவோ தனி. ஆனா மேடையை உத்துப் பாருங்க. பாடகர் சும்மா உக்காந்திருக்க மாட்டார், தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருப்பார். வயலின்காரரும் போடுவார். கடமோ கஞ்சிராவோ இருந்தா அவர் தன் முறைக்குக் காத்திருப்பார். மிருதங்கம் வாசிச்சதைக் கேட்டு அதுக்கு பதில் வாசிப்பார்.

அப்புறம் 'குறைப்பு' வரும். ரெண்டு பேரும் மாறி மாறி வாசிச்சுக்கிட்டே அளவைக் குறைப்பாங்க. இவர் ரெண்டு ஆவர்த்தனம், அவர் ரெண்டு. இவர் ஒண்ணு, அவர் ஒண்ணு. அப்புறம் அரை, கால்னு இறங்கி கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்து மோரா, கோர்வை வாசிச்சு, பாட்டு எந்த இடத்துல எடுக்கணுமோ சரியா அந்த இடத்துல கொண்டு வந்து வைப்பாங்க. பாடகர் அதே புள்ளியில பல்லவியைப் பிடிப்பார். சபை கை தட்டும் (கேண்டீனுக்குப் போகாம உக்காந்திருந்தவங்க மட்டும்!).

இதுல எந்த இடம் தனி? நம்ம மரபுல ஒரு வாத்தியக்காரனோட திறமையை முழுசா காட்டறதுக்குன்னே ஒதுக்கின அந்தப் பத்து இருபது நிமிஷம் கூட, தாளம் போடற ரெண்டு பேர், பதில் சொல்ற ஒருத்தர், திரும்ப எடுக்கக் காத்திருக்கற ஒருத்தர் இல்லாம நடக்காது. குறைப்புல பக்கத்துல இருக்கறவர் இப்பதான் வாசிச்சதுக்கு பதில் சொல்லணும். வீட்ல உக்காந்து நெட்டுருப் போட்டுட்டு வந்து ஒப்பிச்சா பல்லிளிச்சுடும். அதாவது அங்க சோதிக்கப்படறது விரல் மட்டும் இல்லை, காது.

என் கட்சி இதுதான் மக்களே. இசையில பாதி வாசிக்கறது, பாதி கேக்கறது. வாசிக்கறதைத் தனியா ரூம்ல கதவைச் சாத்திட்டுக் கத்துக்கலாம். கேக்கறதை இன்னொரு ஆள் எதிர்ல இல்லாம கத்துக்கவே முடியாது. குழுவுல இருக்கறவன் ஒளியறதில்லை. ஒளியவும் முடியாது. அவன் என்ன பண்ணாலும் பக்கத்துல இருக்கற அத்தனை பேருக்கும் அடுத்த நொடி தெரிஞ்சுடும்.

'அதான் கரோக்கேல பின்னணி இசை இருக்கே, அதையும் கேட்டுத்தானே பாடறோம்?'னு கேப்பீங்க. கேளுங்க, நல்ல கேள்வி. கரோக்கேங்கற ஜப்பானிய வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா? 'கரா'ன்னா காலி. 'ஓக்கே'ங்கறது ஆர்கெஸ்ட்ராங்கறதோட சுருக்கம். காலி ஆர்கெஸ்ட்ரா! பேர் வச்ச ஆள் எவ்வளவு நேர்மையா வச்சிருக்கார் பாருங்க. அங்க யாரும் இல்லைன்னு பேர்லயே சொல்லிட்டாங்க.

ட்ராக் உங்களைக் கேக்காது. அதுதான் அதோட அடிப்படைக் குணம். நீங்க சரணத்தை அரை நொடி தள்ளி எடுத்தா அது காத்திருக்காது. உங்களுக்குத் திடீர்னு ஒரு வரியை ரெண்டாவது தடவை பாடணும்னு தோணினா, அது பாட்டுக்கு அடுத்த இன்டர்லூடுக்குப் போய்க்கிட்டே இருக்கும். தொண்டை கட்டி இன்னிக்கு அரைக் கட்டை இறக்கிப் பாடணும்னு மேடையில போய்த் தெரிஞ்சா, அவ்ளோதான். நீங்க உயிரைக் கொடுத்துப் பாடினாலும் அதே சத்தம், கடனுக்குப் பாடினாலும் அதே சத்தம். ஒரு சுவரோட டென்னிஸ் ஆடற மாதிரி. சுவர்ல அடிச்சுப் பழகறது நல்ல பயிற்சி, நான் இல்லைங்கல. ஆனா சுவரை ஜெயிச்சேன்னு யாராவது கோப்பை வாங்குவாங்களா?

மனுஷன் வாசிச்சா என்ன ஆகும்? பாடறவங்க எடுப்பைத் தவற விட்டு அடுத்த தட்டுல எடுத்தாங்கன்னா, நல்ல மிருதங்கக்காரர் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அங்க போய் நின்னுடுவார். கேக்கறவங்களுக்கு நடந்ததே தெரியாது. நான் எட்டாவது படிக்கறப்பலேர்ந்து மிருதங்கம் கத்துக்கிட்டு வர்றேன். சேர்ந்த புதுசுல என் வாத்தியார் சொல்லிக் குடுத்தது எல்லாம் எப்படி வாசிக்கறதுன்னு. பாட்டுக்கு வாசிக்க உக்கார வச்சப்புறம் அவர் சொன்னதெல்லாம் எங்க வாசிக்காம இருக்கறதுன்னு. சங்கதி நுணுக்கமா போற இடத்துல கையை எடு. அவங்க மூச்சு வாங்கற இடத்துல நிரப்பு. அவங்க சிரிச்சா நீயும் சிரி, ஆனா தாளத்தை விட்டுடாதே. இந்த ரெண்டாவது பாடத்துக்குப் புஸ்தகம் கிடையாது. இன்னொரு மனுஷர்தான் புஸ்தகம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் யோசிக்கறதே இல்லை. சில வாத்தியங்கள் இருக்கறதே கூட்டத்துக்காகத்தான். நாதஸ்வரக் கோஷ்டியில ஒத்துன்னு ஒண்ணு இருந்தது. பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். ஒரே ஸ்வரம், கச்சேரி முழுக்க மூச்சு விடாம அதே சுருதியை ஊதணும். அதுதான் வேலை. அதுக்குப் பக்கத்துல ஜால்ரா தட்டித் தாளம் போடற பையன். பெரிய வித்வான்களான பல பேர் சின்ன வயசுல இப்படி ஒத்து ஊதி, தாளம் போட்டுத்தான் மேடையைப் பார்த்திருக்காங்க. நாலு மணி நேரம் வித்வான் பக்கத்துலயே உக்காந்து கேக்கற பள்ளிக்கூடம் அது, ஃபீஸும் கிடையாது! இப்போ அந்த இடத்துல பெரும்பாலும் சுருதிப் பெட்டிதான். சுருதியில குறை ஒண்ணும் இல்லை. ஆனா பெட்டி வளர்ந்து நாளைக்கு வித்வான் ஆகாது. போனது சுருதி இல்லை, ஒரு பையனோட இடம்.

அதே கதைதான் இப்போ காலேஜ்ல நடக்குது. சோலோ பாட்டு மட்டும்னு வச்சுட்டா பேஸ் கிட்டார் வாசிக்கறவன் எங்க போவான்? தனியா மூணு நிமிஷம் பேஸ் வாசிச்சுக் காட்டுன்னா, அது செங்கல்லை மட்டும் வச்சு வீட்டைக் காட்டுன்னு சொல்ற மாதிரி. எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜூனியர் இருக்கான், பறை அடிக்கறான். ஊர்ல எட்டு பேர் சேர்ந்து வளையமா நின்னு அடிச்சுப் பழகினவன். அவன்கிட்ட போய் 'இன்ஸ்ட்ருமென்டல் சோலோல பேர் குடுடா'ன்னாங்க. 'ஒருத்தனா நின்னா அது எங்க ஊர் அடியே இல்லண்ணா'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. சோலோ மட்டும்தான் திறமைன்னு நீங்க ஒரு கோடு போட்டா, அந்தக் கோட்டுக்கு வெளிய நிக்கறது திறமை இல்லாதவங்க இல்லை. பாடாதவங்க எல்லாரும் நிக்கறாங்க. ட்ரம்ஸ், பேஸ், பறை, தவில், கடம், கோரஸ் எல்லாம். அவங்களுக்கெல்லாம் ஒரே வேலை, கீழ உக்காந்து கை தட்டறது.

சரி, 'பெரிய ஆட்கள் எல்லாம் தனியா நின்னுதானே பெரிய ஆள் ஆனாங்க'ங்கறது அடுத்த வாதம். ஒவ்வொரு பேரா எடுத்துப் பார்த்துடலாமா?

இளையராஜா. 'அன்னக்கிளி' 1976-ல வந்தது. அதுக்கு முன்னாடி அவர் எங்க இருந்தார்? பதின்ம வயசுலேர்ந்து அண்ணன் பாவலர் வரதராஜனோட குழுவுல ஊர் ஊராப் போய் கம்யூனிஸ்ட் மேடைகள்ல வாசிச்சுக்கிட்டு இருந்தார். சென்னைக்கு வந்தப்புறம் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தோட மெல்லிசைக் குழுவுல கிட்டாரும் ஆர்மோனியமும் வாசிச்சார். அந்தக் குழுவுல பாஸ்கர், கங்கை அமரன் எல்லாரும் இருந்தாங்க. ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, எஸ்.பி.பி. பாட, பின்னாடி ராஜா கிட்டார்! இன்னிக்கு அந்த மேடைக்கு டிக்கெட் போட்டா கிட்னியை வித்தாவது போவோம். அன்னிக்கு அது இன்னொரு ஆர்கெஸ்ட்ரா. நம்ம கமிட்டி கணக்குப்படி, கும்பல்ல ஒளிஞ்சிருந்த ஒரு கிட்டார்க்காரர்!

ரஹ்மான். 'ரோஜா' (1992) வர்றதுக்கு முன்னாடி இளையராஜா உள்பட பல பேர்கிட்ட கீபோர்டு வாசிச்சவர். சிவமணியோட 'ரூட்ஸ்', அப்புறம் 'நெமிசிஸ் அவென்யூ'ன்னு சென்னையில பேண்ட்கள்ல இருந்தவர். அவரோட இசைத்தட்டு உறைகள்ல புல்லாங்குழல் யாரு, கிட்டார் யாரு, கோரஸ் யாருன்னு பேர் போட்டிருக்கும். குழுவுல இருந்து வந்தவருக்குத்தான் அது தோணும்னு நான் நினைக்கறேன்.

லால்குடி ஜெயராமன். வயலினைக் கையில எடுத்தா ஒரு சபாவைத் தனியா நிரப்பக்கூடியவர். அவர் 1966-ல என்ன பண்ணார்? புல்லாங்குழல் ரமணி, வீணை வெங்கட்ராமன் ரெண்டு பேரையும் சேர்த்துக்கிட்டு வயலின்-வேணு-வீணைன்னு கச்சேரி பண்ணார். முழுசா கையில இருந்த மேடையை மூணாப் பங்கு போட்டார். சரக்கு இல்லாமலா?

அதே 1966-லதான் பாலக்காடு மணி ஐயருக்கு மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி கிடைச்சது. மிருதங்கத்துக்கு அந்தப் பட்டம் வந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அப்போ ஐம்பது வயசு தாண்டியாச்சு. சின்னப் பையனா இருந்தப்பவே செம்பை வைத்தியநாத பாகவதர் மாதிரி ஜாம்பவான்களுக்கு வாசிக்க ஆரம்பிச்சவர். வாழ்நாள் முழுக்க போஸ்டர்ல ரெண்டாவது, மூணாவது வரியில பேர் வந்த ஒரு மனுஷர். அந்தப் பேரைப் பார்த்துட்டு டிக்கெட் வாங்கின கூட்டம் எத்தனை! நம்ம ஊர்ல இன்னிக்கும் 'இன்னாரோட கச்சேரி'ன்னு பாடகர் பேரைத்தான் சொல்றோம். மத்தவங்க 'பக்கவாத்தியம்'. பக்கத்துல இருக்கறதாலதான் அது பக்கவாத்தியம், கீழ இருக்கறதால இல்லை. நாமதான் அதைக் கீழ்வாத்தியம் ஆக்கிட்டோம்.

வெளிநாட்டு உதாரணம் இல்லாம நம்ம பசங்க ஒத்துக்க மாட்டாங்க. அதுவும் இருக்கு, அதுவும் 1966-தான். அந்த வருஷம் ஆகஸ்ட் 29-ம் தேதி சான் பிரான்சிஸ்கோல கேண்டில்ஸ்டிக் பார்க்ல வாசிச்சதோட பீட்டில்ஸ் ஊர் ஊராப் போய்க் கச்சேரி பண்றதை நிறுத்திட்டாங்க. காரணங்கள் பல. அதுல ஒண்ணு, ரசிகர்கள் போட்ட கூச்சல்ல அவங்க வாசிக்கறது அவங்களுக்கே கேக்கலை. காசு கொட்டுது, கூட்டம் கொட்டுது, ஆனா ஒருத்தர் வாசிக்கறது ஒருத்தருக்குக் கேக்கலை. அப்புறம் எதுக்கு மேடைன்னு ஸ்டுடியோவுக்குள்ள போய்ட்டாங்க. கேக்கறதுதான் குழுவோட உயிர்னு இதைவிடத் தெளிவா யார் சொல்ல முடியும்?

இப்போ எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யணும். குழுன்னா எல்லாம் பாலும் தேனும் இல்லை. அதே பீட்டில்ஸ்ல ஜார்ஜ் ஹாரிசன் கதையை எடுத்துக்கங்க. பாட்டு எழுதற ரெண்டு பூதங்கள் (லெனன், மெக்கார்ட்னி) நடுவுல மாட்டிக்கிட்டு, பெரும்பாலும் ஒரு ஆல்பத்துக்கு ஒண்ணு ரெண்டு பாட்டுக்கு மேல அவருக்கு இடம் கிடைக்கலை. 1970-ல குழு உடைஞ்சது. அதே வருஷம் அவர் தன் பேர்ல போட்ட ஆல்பத்துல மூணு இசைத்தட்டு! அத்தனை நாள் உள்ள அடைச்சு வச்சிருந்தது அணை உடைஞ்ச மாதிரி வெளிய வந்தது. குழு ஒரு ஆளை நசுக்கும், உண்மை. யார் பேர் முன்னாடி, காசு யாருக்கு எவ்வளவு, யார் பாட்டை எடுக்கறதுன்னு அடிதடி நடக்கும், அதுவும் உண்மை.

ஆனா அந்த மூணு இசைத்தட்டை அவர் யாரோட பதிவு பண்ணார்? ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பில்லி ப்ரெஸ்டன், இன்னும் ஒரு பெரிய பட்டாளம். அவர் கெட்ட குழுவை விட்டுட்டு நல்ல குழுவுக்குப் போனார். தனியாப் போகலை. உறையில இருக்கற பேர்தான் தனி.

நிஜமான தனின்னு ஒண்ணு இருக்கா? இருக்கு. 1975 ஜனவரியில ஜெர்மனியில கொலோன் நகரத்துல கீத் ஜாரெட் ஒரு பியானோ முன்னாடி உக்காந்தார். கையில எழுதின பாட்டு ஒண்ணும் கிடையாது. அவர் கேட்டிருந்த பியானோவும் கிடையாது, சரியா வேலை செய்யாத ஒண்ணுதான் வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல அந்த நிமிஷத்துல தோணினதை வாசிச்சார். தனிப் பியானோ இசைத்தட்டுகள்ல அது மாதிரி வித்தது வேற இல்லை. தனியா நம்ம வீணைக்காரங்க ஆலாபனையும் தானமும் வாசிக்கறதும் இதே ஜாதிதான். இந்தத் தனிக்கு நான் சாஷ்டாங்கமா விழறேன்.

ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, ஜாரெட் அதுக்கு முன்னாடி ஆர்ட் பிளேக்கி, சார்லஸ் லாயிட், மைல்ஸ் டேவிஸ்னு ஜாம்பவான்களோட குழுக்கள்ல வருஷக்கணக்கா வாசிச்சுக் காதைத் தீட்டினவர். அந்தத் தனிமைக்குள்ள எத்தனை பேர் உக்காந்திருந்தாங்கன்னு நமக்குத் தெரியாது. ரெண்டு, அவர் அந்த மோசமான பியானோவைக் கேட்டார். எந்தக் கட்டை நல்லா பேசுதோ அங்கயே நின்னு வாசிச்சார். அவருக்கு அங்க அந்தப் பியானோவே இன்னொரு ஆள். கரோக்கே ட்ராக்கும் அதுவும் ஒண்ணா? ஒருத்தர் எல்லாரோடயும் வாசிச்சு முடிச்சுட்டுத் தனியாப் போறார். இன்னொருத்தர் யாரோடயும் வாசிக்காமலேயே தனியா நிக்கறார். ரெண்டுத்துக்கும் 'சோலோ'ன்னு ஒரே பேர் வச்சா எப்படி?

டிவியும் இதுல குற்றவாளிதான். 2006-லேர்ந்து விஜய் டிவியில சூப்பர் சிங்கர் வருது. நல்ல நல்ல குரல்களைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கு, மறுக்கலை. ஆனா அந்த மேடையிலயும் பின்னாடி நிஜமான மனுஷங்க நிஜமான வாத்தியம் வாசிக்கறாங்க. போட்டியாளர் தடுமாறினா தாங்கிப் பிடிக்கறதே அவங்கதான். பத்துப் பாடகர் பேரை மூச்சு விடாம சொல்ற நாம, அந்தக் கிட்டார்க்காரர் பேரைச் சொல்ல முடியுமா? நடுவுல 2007-ல சன் டிவியில 'ஊ லலல்லா'ன்னு குழுக்களுக்காகவே ஒரு போட்டி வந்தது, ரஹ்மான் நடுவரா இருந்தார். 'அகம்' மாதிரி ஒரு பேண்டை நாம பார்த்தது அப்படித்தான். அந்த மாதிரி நிகழ்ச்சி தொடர்ந்து வந்திருந்தா, இன்னிக்கு எங்க காலேஜ் வாசல்ல பேண்டுன்னு சொன்னா கல்யாண ஊர்வலமான்னு கேக்க மாட்டாங்க (என் அப்பா இன்னிக்கும் கேக்கறார்).

சில விஷயத்தை ஒரு ஆளால சொல்லவே முடியாதுங்கறதையும் கவனிங்க. 2018 ஜனவரியில சென்னை கீழ்ப்பாக்கத்துல 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி பண்ணாங்க. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு, பத்தொன்பது பேர். கானா பாடறவங்க, ராப் பண்றவங்க, பறை, சட்டி, கிட்டார், ட்ரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில, எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு. அவங்க சாதியைப் பத்திப் பாடினாங்க. அதே வரிகளை ஒருத்தர் தனியா கிட்டாரோட பாடியிருக்கலாம். ஆனா யார் யார் பக்கத்துல நிக்கறாங்கங்கறதே அங்க பாதிப் பாட்டு. அந்தப் பாதியை எந்த ட்ராக்லயும் பதிவு பண்ண முடியாது.

வசதிக்கு பதில் சொல்றேன்னு சொன்னேனே, இதோ. கமிட்டி பெருமக்கள் கவனத்துக்கு:

1. இருபது நிமிஷம் வீணாறது ஒவ்வொரு குழுவும் தன் தன் சாமானை ஏத்தி இறக்கறதால. மேடையில ஒரே ட்ரம் செட், ரெண்டு ஆம்ப், ஒரு கீபோர்டு நிரந்தரமா இருக்கட்டும், எல்லாக் குழுவும் அதையே வாசிக்கட்டும். கிட்டாரை மட்டும் சொருகிக் கழட்டினா போதும். அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம்.

2. குழுக்கள் ஆறுக்கு மேல வேண்டாம். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு நிமிஷம். மாத்தற நேரத்தையும் சேர்த்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். சோலோ ரெண்டு சுற்றுக்கு நீங்க ஒதுக்கியிருக்கறது அதைவிட அதிகம், அறிவிப்புப் பலகையில நீங்களே ஒட்டியிருக்கீங்க.

3. சோலோ பாட்டும் இருக்கட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? ஒரே ஒரு விதி போடுங்க. ட்ராக் கூடாது. குறைஞ்சது ஒரு மனுஷராவது கூட வாசிக்கணும். கிட்டார், தபலா, கஹோன், ஒண்ணும் இல்லைன்னா பெஞ்சுல தாளம் தட்ட ஒரு ஃப்ரெண்ட். அந்த ஃப்ரெண்டோட பேரையும் சேர்த்து மைக்ல சொல்லணும். பரிசு குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுக்கணும்.

4. கடைசி நேரத்துல ஒருத்தன் முறுக்கிட்டுப் போறதைப் பத்தி. போகட்டும். அவனைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வர்றதோ, அவன் இல்லாம அஞ்சு பேர் சமாளிக்கறதோ, ரெண்டும் பாடம்தான். காலேஜ்ங்கறது அதுக்கும்தானே?

இந்த மூணாவது விதியைத்தான் நான் அதிகமா எதிர்பார்க்கறேன். ஏன்னா அது ஒண்ணு போதும். நல்லா பாடற பொண்ணு ஒருத்தி ஹாஸ்டல்ல கிட்டார் வாசிக்கற இன்னொருத்தியைத் தேடிப் போவா. வாரத்துல மூணு நாள் மொட்டை மாடியில உக்காருவாங்க. சுருதி ஒத்து வரலைன்னு சண்டை போடுவாங்க. பத்து நாள்ல ஒருத்தி மூச்சு வாங்கறப்ப இன்னொருத்தி காத்திருக்கக் கத்துப்பா. அப்புறம் மேடையில அவங்க மூணு நிமிஷம் பாடினாலும் சரி, தப்பு பண்ணாலும் சரி, எதிர்ல உக்காந்திருக்கற நமக்கு ஒண்ணு தெரியும், அங்க ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் கேக்கறாங்க. நாம கச்சேரிக்குப் போறது அதைப் பார்க்கத்தான். குரலை மட்டும் கேக்கறதுன்னா ஹெட்ஃபோன் போதுமே.

திறமை இருக்கறவன் தனியா நிப்பான்னு சொல்றவங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. தனியா நிக்க தைரியம் வேணும், ஒத்துக்கறேன். ஆனா பக்கத்துல இருக்கறவன் வாசிக்கறது உன்னுதைவிட நல்லா இருக்கறப்ப, கையை எடுத்துட்டு அவனுக்கு வழி விட அதைவிடப் பெரிய தைரியம் வேணும். அதைக் காட்ட மேடை குடுங்கன்னுதான் கேக்கறோம்.

பி.கு.: கமிட்டி என்ன முடிவு எடுத்தாலும் எங்க குழு சனிக்கிழமை சாயந்திரம் மெக்கானிக்கல் ப்ளாக் மாடியில வாசிக்கும். பேஸ் கிட்டாருக்கு ஆள் தேவை. சம்பளம் கிடையாது. டீ உண்டு. வாசிக்கத் தெரிஞ்சா நல்லது, கேக்கத் தெரிஞ்சா ரொம்ப நல்லது :-)